ஏழைக் கம்பெனியும் பதினாறு இன்ஜின்களும்

ஐல் ஆஃப் மேன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது மோட்டார் சைக்கிள் பந்தயம்தான். 1907 முதல் அங்கே டி.டி. பந்தயம் நடக்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது அல்ல. அதே தீவில், நிதானமாக, கரிப்புகை விட்டுக்கொண்டு ஓடும் ஒரு குட்டி ரயிலைப் பற்றியது.

முதலில் இடம். இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவில், ஐரிஷ் கடலில் இருக்கும் தீவு. நீளம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம், பரப்பு 572 சதுர கிலோமீட்டர். பிரிட்டிஷ் மன்னரின் கீழ் வந்தாலும் பிரிட்டனின் பகுதி இல்லை. டின்வால்ட் என்ற பெயரில் சொந்த நாடாளுமன்றம் உண்டு. இந்த விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அங்கே ரயில் வந்தது 1873 ஜூலை 1 அன்று. கிழக்குக் கரையில் உள்ள டக்ளஸ் நகரிலிருந்து மேற்குக் கரையில் உள்ள பீல் வரை முதல் பாதை. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் தெற்கே போர்ட் எரின் வரை இரண்டாவது பாதை. கேஜ் மூன்று அடி, அதாவது 914 மில்லிமீட்டர். நம் மீட்டர் கேஜைவிடவும் ஒரு சாண் கூட இல்லாத அளவுக்குக் குறைவு. குறுகிய பாதையைத் தேர்ந்ததற்குக் காரணம் அழகு உணர்ச்சி எல்லாம் இல்லை, பணம்தான். வளைவுகளைக் கூர்மையாக வைக்கலாம், மலையைக் குடைய வேண்டாம், பாலத்தைச் சிறியதாகக் கட்டலாம்.

அந்தப் பணமும் தீவுக்குள் போதுமான அளவு கிடைக்கவில்லை. வெளியிலிருந்து வந்த முதலாளிகளில் ஒருவர் ஜான் பெண்டர். இந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கடலுக்கடியில் தந்திக் கம்பி போட்ட ஆள் இவர். 1870-ல் பிரிட்டனையும் பம்பாயையும் இணைத்த கடல் தந்தி இவருடைய கம்பெனிகள் போட்டது. 1871-ல் நம் சென்னையிலிருந்து பினாங்கு வழியாக சிங்கப்பூர் வரை போன கம்பியும் அப்படித்தான். மதராஸ் வியாபாரி சிங்கப்பூருக்குத் தந்தி அடிக்க வழி செய்தவரின் பெயர், ஐரிஷ் கடல் தீவில் ஒரு ரயில் இன்ஜினுக்கு வைக்கப்பட்டது. மூன்றாம் எண் இன்ஜின், 'பெண்டர்'.

ஒன்றாம் எண் 'சதர்லேண்ட்', இரண்டாம் எண் 'டெர்பி'. இந்த மூன்றோடுதான் ரயில் தொடங்கியது. செய்தவர்கள் மான்செஸ்டரின் கார்ட்டன் பகுதியில் இருந்த பேயர் பீகாக் கம்பெனியார். முன்னால் இரண்டு சிறிய சக்கரம், அதன்பின் இணைக்கப்பட்ட நான்கு பெரிய சக்கரம், பாய்லரின் இரு பக்கமும் தண்ணீர்த் தொட்டி. தனியாக டெண்டர் கிடையாது. சிலிண்டர்கள் வெளியே, லேசாகச் சாய்ந்து இருக்கும். நடுவில் பளபளவென்று பித்தளைக் குவிமாடம். இந்த வடிவத்தைக் கம்பெனி புதிதாக யோசிக்கவும் இல்லை. 1866-ல் நார்வேயின் மூன்றரை அடிப் பாதைக்குச் செய்த இன்ஜினையே கொஞ்சம் சுருக்கிக் கொடுத்தார்கள்.

இதே பேயர் பீகாக் செய்த இன்னொன்றை தில்லியில் இருப்பவர்கள் நேரிலேயே பார்க்கலாம். சாணக்யபுரி ரயில் அருங்காட்சியகத்தில் 815 என்ற எண்ணோடு நிற்கும் பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் காரட் இன்ஜின். இருநூறு டன்னுக்கு மேல் எடை. அதன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடப்பதற்குள் குழந்தைகளுக்குப் பசி வந்துவிடும் :) மேன் தீவின் முதல் இன்ஜின்களோ இருபது டன்கூட இல்லை. இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தவை என்று சொன்னால் நம்பச் சற்று நேரம் ஆகும்.

சரி, கதைக்கு வருவோம். ரயில் பிடித்துப்போனது, இன்ஜின்கள் கூடின. 1874-ல் 'லாக்', 'மோனா'. 1875-ல் 'பெவரில்'. 1880-ல் 'டின்வால்ட்'. 1894-ல் 'ஃபெனெல்லா'. (பெவரில், ஃபெனெல்லா இரண்டும் வால்டர் ஸ்காட்டின் நாவலிலிருந்து எடுத்த பெயர்கள். அந்த நாவலின் ஒரு பகுதி இந்தத் தீவில் நடக்கிறது.) இப்படியே போய் 1910-ல் 'கிஸ்ஸாக்', கடைசியாக 1926-ல் 'மேனின்'. பாய்லர் கொஞ்சம் பெருத்தது, தண்ணீர்த் தொட்டி நீண்டது. மற்றபடி 1873-ல் வந்த அதே உருவம். ஐம்பத்து மூன்று வருடம் ஒரே கடையில் ஒரே அளவுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்ட மாதிரி.

இடையில் மேங்க்ஸ் நார்தர்ன் என்ற இன்னொரு கம்பெனி, 1879-ல் மேற்குக் கரையோரமாக வடக்கே ராம்சி வரை பாதை போட்டது. 1886-ல் ஈயச் சுரங்கம் இருந்த ஃபாக்ஸ்டேலுக்கும் ஒரு கிளை. சுரங்கம் நொடித்ததும் பாதையும் நொடித்தது. 1905-ல் பெரிய கம்பெனி இவற்றை எடுத்துக்கொண்டபோது, கூடவே 'தார்ன்ஹில்', 'கலிடோனியா' என்ற இன்ஜின்களும் வந்து சேர்ந்தன. தார்ன்ஹில் பேயர் பீகாக் குடும்பம்தான். கலிடோனியா மட்டும் வேறு சாதி. கிளாஸ்கோவில் டூப்ஸ் கம்பெனி செய்தது, ஆறு சக்கரமும் இணைந்த முரட்டு ஆள். பனி வாரவும் செங்குத்தான ஏற்றத்துக்கும் அதைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆக மொத்தம் பதினாறு எண்கள். அதில் பதினைந்து ஒரே அச்சு.

இந்த ரயில் இன்றுவரை பிழைத்துக் கிடப்பதற்கு என்ன காரணம் என்று கேட்டால், பாரம்பரியப் பற்று என்று பலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 'ஒரே அச்சு'தான் முதல் காரணம் என்பேன். நீராவி இன்ஜினில் சட்டகமும் சக்கரமும் பல காலம் உழைக்கும். பாய்லர் அப்படியில்லை. நெருப்பும் தண்ணீரும் தினமும் தின்னும் பொருள் அது. சில பத்தாண்டுகளில் மாற்றியே ஆக வேண்டும். வளமான கம்பெனியாக இருந்தால் பழைய இன்ஜினை உடைத்துவிட்டுப் புது மாடல் வாங்கும். இங்கே அதற்கு வழியில்லை. ஆனால் ஒன்றின் உறுப்பு இன்னொன்றுக்குப் பொருந்தும். ஆகவே ஒன்று ஓய்ந்தால் அதிலிருந்து எடுத்து இன்னொன்றை ஓட்டினார்கள். டெர்பி அப்படித்தான் 1950-களின் தொடக்கத்தில் பிரிக்கப்பட்டு மறைந்தது. டின்வால்டில் மிஞ்சியது சட்டகம் மட்டும்.

1998-ல் பாதைக்கு 125 வயது ஆனபோது, முதல் இன்ஜினான சதர்லேண்டை மறுபடி ஓட்டிக் காட்ட ஆசைப்பட்டார்கள். பாய்லர்? ஃபெனெல்லாவுடையதைக் கழற்றி மாட்டினார்கள். சதர்லேண்ட் ஓடியது, ஃபெனெல்லா கொட்டகையில் நின்றது. பிறகு பாய்லர் திரும்பிப் போனதும் ஃபெனெல்லா ஓட, சதர்லேண்ட் நின்றது. நம் வீடுகளில் அண்ணன் சட்டை தம்பிக்கு வரும். இங்கே தங்கையின் சட்டையை அக்கா இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு விழாவுக்குப் போய்விட்டு, மடித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

அப்படியானால் 1873-ன் 'அசல்' எது? பெயர்ப் பலகையா, சட்டகமா, பாய்லரா? அருங்காட்சியகத்தில் நிற்கும் இன்ஜினுக்கு இந்தக் கேள்வி வராது. பெண்டருக்கு அதுதான் கதி. மான்செஸ்டருக்கு, பிறந்த ஊருக்கே கொண்டுபோய், உள்ளே நீராவி எப்படி வேலை செய்கிறது என்று காட்ட ஒரு பக்கத்தை வெட்டித் திறந்து வைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கு நல்ல பாடம். ஆனால் இனி அது ஓடாது. ஓட வேண்டுமானால் அசல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையத்தான் செய்யும். நம் நீலகிரி ரயிலிலும் இதே கதைதான் (அது மீட்டர் கேஜ்). சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பழைய எக்ஸ் வகை இன்ஜின்கள் தளர்ந்தபோது, அதே வகையில் புதியவற்றை நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே செய்தார்கள். அதில் ஏறிக் குன்னூர் போகும் குழந்தையிடம் இது போலி என்று யாராவது சொல்வார்களா?

ரயிலின் நல்ல காலம் முதல் உலகப் போருக்கு முன்னால். லங்காஷயர் பஞ்சாலைகள் கோடையில் மூடும்போது தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறி வருவார்கள். 1913-ல் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருக்கிறார்கள். போர் வந்ததும் வேறு வகைப் பயணிகள். பிரிட்டனில் வாழ்ந்த ஜெர்மானியர்களையும் ஆஸ்திரியர்களையும் பிடித்து, பீல் அருகே நாக்கலோ முகாமில் அடைத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். முகாமுக்குச் சாமான் ஏற்றவென்றே பீலிலிருந்து ஒரு கிளைப் பாதை போட்டு, அந்த ஏற்றத்தில் கலிடோனியாவை ஓட்டினார்கள். 1940-ல் மறுபடியும் அதே தீவு, அதே ரயில். இம்முறை போர்ட் எரின் பக்கம் பெண்களுக்கான முகாம். அவர்களில் பலர் ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூதப் பெண்கள். தப்பி வந்த நாட்டிலேயே கைதியாகி, உல்லாசப் பயணிகளுக்காகச் செய்த பெட்டிகளில் உட்கார்ந்து கடற்கரை ஊருக்குப் போயிருக்கிறார்கள்.

போருக்குப் பின் இன்ஜின்களுக்கு அடித்த பழுப்புச் சிவப்புக்கு 'இந்தியன் ரெட்' என்று பெயர். இந்தியாவிலிருந்து போன செம்மண் நிறமியால் வந்த பெயர். அந்த இன்ஜின்களில் இந்தியச் சம்பந்தம் அந்தப் பெயிண்ட் அளவுக்குத்தான் :)

பஸ்ஸும் காரும் வந்தபின் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அயர்லாந்தின் டொனிகல் பாதை மூடப்பட்டபின், 1961-ல் அங்கிருந்து இரண்டு டீசல் ரயில்கார்களைப் பழைய விலைக்கு வாங்கினார்கள். இந்தக் கம்பெனி செய்த அதிகபட்ச நவீனம் அதுதான். 1965 இறுதியில் ரயில் நின்றது. 1966 முழுக்க ஒரு ரயில் இல்லை. பேயர் பீகாக் ஆலை மூடப்பட்டதும் அதே 1966-ல்தான்.

1967-ல் அய்ல்சா பிரபு என்ற ஸ்காட்லாந்துக்காரர் குத்தகைக்கு எடுத்து மூன்று பாதைகளையும் திறந்தார். இரண்டு கோடை தாங்கியது. 1968 செப்டம்பரோடு பீல், ராம்சி பாதைகள் நின்றன. போர்ட் எரின் பாதை மட்டும் மிஞ்சியது. ஐந்து வருடத்தில் பிரபுவும் கையை விரித்தார். கம்பெனி அரசு மானியத்தில் மூச்சு வாங்கியது. 1975-ல் காசில்டவுனிலிருந்து போர்ட் எரின் வரைக்கும், 1976-ல் பல்லசல்லாவிலிருந்தும் என்று துண்டுப் பாதையாகத்தான் ஓடியது. டக்ளஸுக்கே வராத டக்ளஸ் ரயிலில் ஏற யார் வருவார்கள்?

ஆரம்பத்தில் சொன்ன டின்வால்ட் இங்கேதான் வருகிறது. லண்டனில் எடுத்த முடிவாக இருந்தால் இந்தப் பாதை அன்றே கதை முடிந்திருக்கும் என்பது என் எண்ணம். 1960-களில் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான மைல் பாதைகளை மூடிய கை அது. ஆனால் இங்கே தீர்மானித்தவர்கள் அதே ரயிலில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்த உள்ளூர்க்காரர்கள். எலெக்ட்ரிக் ரயிலை அவர்கள் 1957-லேயே அரசுடைமை ஆக்கியிருந்தார்கள். 1977-ல் ரயில் மறுபடி டக்ளஸ் வரை வந்தது. 1978-ல் நீராவி ரயிலும் அரசுடைமை ஆனது. லாபம் வரும் என்று வாங்கவில்லை. நஷ்டம் வரும், அதைத் தாங்கலாம் என்று தெரிந்தே வாங்கினார்கள்.

அரசு வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 'ஹட்சின்சன்' இன்ஜினுக்கு 1980-களின் தொடக்கத்தில் சதுரமாக ஒரு கேபின் வைத்து நீல நிறம் அடித்தார்கள். பார்க்கச் சகிக்காது. இருபது வருடம் அந்த வேஷத்தில் ஓடியபின்தான் பழைய உருவம் திரும்பக் கிடைத்தது. அதே சமயம் 2000-2002 வாக்கில் நடந்தது நல்ல கெட்டிக்காரத்தனம். தீவுக்குப் புதிய சாக்கடைக் குழாய் பதிக்க வேண்டியிருந்தது. ரோட்டைத் தோண்டாமல் ரயில் பாதைக்கு அடியில் பதித்தார்கள். குழாய் போட்ட கையோடு தண்டவாளமும் புதிதாயிற்று. பாரம்பரியத்துக்கென்று கேட்டால் கிடைக்காத பணம் சாக்கடைக்கென்று கேட்டால் கிடைக்கும் :)

விழுப்புரம் வழியாக மீட்டர் கேஜில் ஊருக்குப் போய் வந்த தலைமுறைக்கு இதையெல்லாம் படிக்கும்போது ஒரு ஏக்கம் வரும். 1992-ல் தொடங்கிய ஒரே கேஜ் திட்டத்தில் நம் பாதைகள் அகலமாயின. அது தேவைதான், மறுக்கவில்லை. வடக்கிலிருந்து வண்டி மாறாமல் மதுரை போக முடிவது அதனால்தான். டார்ஜிலிங், நீலகிரி, கால்கா-சிம்லா மூன்றும் 1999, 2005, 2008 ஆண்டுகளில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறித் தப்பித்தன. மலையேறாத சாதாரண ஊர்ப் பாதைகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மேன் தீவில் பிழைத்திருப்பதோ அப்படி ஒரு சாதாரண ஊர்ப் பாதை. சுமார் 25 கிலோமீட்டர், டக்ளஸிலிருந்து ஏறி, கடலை ஒட்டிய பாறைச் சரிவைத் தொட்டு, வயல்களுக்கு நடுவே போர்ட் எரின் போகிறது. அவ்வளவுதான்.

பிழைக்காத பாதியையும் சொல்ல வேண்டும். பீல், ராம்சி பாதைகளின் தண்டவாளங்களை 1970-களின் நடுவில் பிடுங்கி எடுத்தார்கள். 1873-ல் முதல் ரயில் ஓடிய டக்ளஸ்-பீல் தடம் இன்று நடைபாதை. பீலில் ரயில் நிலையக் கட்டடம் அருங்காட்சியகத்தோடு சேர்ந்துவிட்டது. உள்ளே போகிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஸ்டேஷன் என்று தெரியுமோ.