கடல் கடந்த பணமும் எட்டெழுத்து முகவரியும்

சைனிக்புரியில் நம்மவர் இல்லங்கள் பலவற்றின் பிள்ளைகள் இன்று அயல்நாடுகளில் வாழ்கின்றனர். அவர்கள் அனுப்பும் பணம் நம் கணக்கை அடைய, பாங்கியின் ‘சுவிப்ட்’ குறி வேண்டும். அக்குறியின் வரலாற்றைக் கூறப் புகுமுன், நாம் குடிபுகுந்த இந்நகரின் கதை ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும்.

1948 செப்டம்பரில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் புகுந்த வேளையில், நிஜாமின் அமைச்சர் மொயின் நவாஸ் ஜங், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாங்கியிலிருந்த அரசுப் பணத்தில் 10,07,940 பவுனைப் பாகிஸ்தான் ஹை கமிஷனர் ரகிம்தூலாவின் பெயருக்கு மாற்றுவித்தார். தம் இசைவின்றி நடந்ததென்றும் பணத்தைத் திருப்புக என்றும் நிஜாம் சில நாட்களுக்குள் தந்தியடித்தார். பெற்றவர் ஒப்பினாலன்றித் திருப்பவியலாது என்றது பாங்கி. வழக்கு மூண்டது. அயல்நாட்டு அரசை அதன் விருப்பமின்றி வழக்குக்கு இழுத்தல் ஆகாதெனப் பிரபுக்கள் சபை 1957-இல் கூறிவிட, பணம் முடங்கிற்று. நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் 1967-இல் மறைந்தார். பணம் அவர்தம் பேரர்க்கும் இந்திய அரசுக்குமே உரியதென லண்டன் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 அக்டோபர் 2-ஆம் நாள்! அதற்குள் தொகை ஏறத்தாழ 3½ கோடிப் பவுனாக வளர்ந்திருந்தது. ஒரே பாங்கிக்குள் கணக்கு மாறிய பணத்துக்கே இப்பாடு.

பாங்கிவிட்டுப் பாங்கி செல்லும் பணத்துக்கு அந்நாளில் தந்தியும் பின்னர் டெலக்சும் துணை. செய்தி மெய்யானதென்று அறிய, இரு பாங்கிகளும் தமக்குள் மறைவாக ஒரு சோதனை எண் வைத்திருக்கும். இத்தொல்லையை நீக்கவே 1973-இல் 15 நாடுகளின் 239 பாங்கிகள் கூடிப் பிரஸ்ஸல்சில் சுவிப்ட் கழகத்தை நிறுவின; 1977-இல் அது செய்தி அனுப்பத் தொடங்கிற்று. அதன் குறியில் முதல் நான்கெழுத்து பாங்கியையும், அடுத்த இரண்டு நாட்டையும், அதனையடுத்த இரண்டு ஊரையும் சுட்டும். கிளைக்கு மேலும் மூன்று சேர்வதுண்டு. உள்நாட்டு ஐ.எப்.எஸ்.சி. குறிக்கும் பதினோரெழுத்தாதலின் நம்மவர் சிலர் மயங்குவர். அஃது இதற்கு உதவாது. எல்லாக் கிளைகளுக்கும் தனிச் சுவிப்ட் குறி இராது; இல்லாவிடில் எதை எழுதுவதென்று கிளையிலேயே கேட்டறிக.

ஆயினும் குறி பாங்கியைத்தான் காட்டும், ஆளையன்று. கணக்கு எண் பிழைத்துப் பணம் பிறர் கணக்கில் ஏறிவிட்டால், பெரும்பாலும் 1948-இல் நிஜாம் பெற்ற விடையே இன்றும் கிட்டும். பாங்கிகள் இணைந்தாலும் குறி மாறும். 1941-இல் தோன்றிய நம் நகரத்து ஐதராபாத் ஸ்டேட் பாங்கி 2017 ஏப்ரல் 1-இல் பாரத ஸ்டேட் பாங்கியோடு இணைந்தது. அங்குக் கணக்கு வைத்திருந்தோர், பிள்ளைகளிடம் பழைய குறி இன்னும் கிடக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவிடுவது நன்று.