இதயநோய்க் கொழுமியக் குறிப்பான்கள்

இதயநோய்க் கொழுமியக் குறிப்பான்கள் என்பவை, ஒருவருக்கு மாரடைப்பு போன்ற நோய்கள் வரும் வாய்ப்பை முன்கூட்டியே மதிப்பிட உதவும், குருதியிலுள்ள கொழுப்புசார் மூலக்கூறுகள் ஆகும். இவற்றைத் தனித்தனியே இனங்கண்டு அளக்கும் துறை கொழுமியவியல் எனப்படும். 2003 ஆம் ஆண்டளவில் இது தனித்துறையாகப் பெயர் பெற்றது.

வழக்கமான சோதனை

மருத்துவமனைகளில் 'லிப்பிட் புரொஃபைல்' என்ற பெயரில் செய்யப்படும் சோதனை மொத்தக் கொலஸ்டிரால், எச்.டி.எல்., எல்.டி.எல்., டிரைகிளிசரைடு ஆகிய நான்கு அளவுகளையே முதன்மையாகத் தருகிறது. இவற்றுள் எல்.டி.எல். பல ஆய்வுகூடங்களில் நேரடியாக அளக்கப்படுவதில்லை. 1972 இல் வெளியான ஃபிரீடுவால்ட் சூத்திரம் போன்றவற்றைக் கொண்டு மற்ற மூன்றிலிருந்து கணக்கிடப்படுகிறது. எல்.டி.எல். இதயநோய்க்குக் காரணமாவது ஐயமற நிறுவப்பட்டது. எனினும் அதன் அளவு மிகாதவர்கள் பலரும் மாரடைப்புக்கு உள்ளாகின்றனர். குருதியிலோ நூற்றுக்கணக்கான கொழுமிய வகைகள் உள்ளன.

அளவிடும் முறை

குருதி நீர்மத்திலிருந்து கரைப்பான்களால் கொழுமியங்கள் பிரித்தெடுக்கப்படுகின்றன. குளோரோஃபார்ம், மெத்தனால் கலவையைப் பயன்படுத்தும் 1950களின் முறைகள் இதற்கு அடிப்படை. பின்னர் மூலக்கூறுகள் மின்னூட்டம் பெற்ற அயனிகளாக்கப்பட்டு, நிறை நிறமாலைமானியில் அவற்றின் நிறைக்கும் மின்னூட்டத்துக்கும் உள்ள விகிதப்படி பிரித்தறியப்படுகின்றன.

செரமைடுகள்

இம்முறையால் கிடைத்த குறிப்பான்களுள் மருத்துவப் பயன்பாடு வரை வந்தவை செரமைடுகள். ஸ்பிங்கோசினுடன் ஒரு கொழுப்பு அமிலம் இணைந்து இவை உருவாகின்றன. குருதியில் இவற்றின் அளவு கொலஸ்டிராலின் அளவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. ஆயினும் எந்த நீளச் சங்கிலி என்பது முக்கியம்: 16 அல்லது 18 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலமும், ஓர் இரட்டைப் பிணைப்புடைய 24 கார்பன் அமிலமும் இணைந்த செரமைடுகள் மிகுந்தோருக்கு ஆபத்து கூடுதல். இரட்டைப் பிணைப்பற்ற 24 கார்பன் வகைக்கு அத்தகைய தொடர்பு இல்லை. எனவே அது ஒப்பீட்டு அளவாகப் பயன்படுகிறது.

பின்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து நோயாளர்களிடம் நடந்த ஆய்வுகள் 2016 இல் வெளியாயின. எல்.டி.எல். அளவைக் கணக்கில் கொண்ட பின்னரும், செரமைடுகள் இதயநோய் இறப்பை முன்னறிவித்தன. மூன்று செரமைடுகளும், நான்காவதுடன் அவற்றின் மூன்று விகிதங்களும் தலா 2 புள்ளிகள் வரை பெற்று, 12 புள்ளிகள் கொண்ட மதிப்பீடாகின்றன. அமெரிக்காவின் மேயோ கிளினிக் அதே ஆண்டில் இச்சோதனையை வழங்கத் தொடங்கியது.

குறிப்பானும் காரணமும்

ஆபத்தைக் காட்டும் பொருள் அதன் காரணமாகவே இருக்க வேண்டியதில்லை. எச்.டி.எல். மிகுந்தோருக்கு மாரடைப்பு குறைவு என்று அறிந்து அதை உயர்த்தும் மருந்துகள் ஆக்கப்பட்டன. டார்செட்ரபிப் சோதனை, மருந்து உட்கொண்டோரிடையே இறப்பு கூடியதால் 2006 இல் நிறுத்தப்பட்டது. அம்மருந்து குருதி அழுத்தத்தையும் உயர்த்தியது. அக்குறை பெரிதும் இல்லாத டால்செட்ரபிப்பும் எச்.டி.எல்.லை உயர்த்தியும் பயன் தராமையால் 2012 இல் கைவிடப்பட்டது.

செரமைடுகள் குறித்தும் இக்கேள்வி எழுகிறது. செரமைடு உருவாக்கத்தைத் தடுக்கும் மிரியோசின், எலிகளில் தமனிப் படிவைக் குறைத்தது. ஆனால் மனிதரில் ஸ்டாட்டின் மருந்துகள் எல்.டி.எல்.லுடன் செரமைடுகளையும் சேர்த்தே குறைப்பதால், பலன் எதனால் விளைந்தது என்று பிரித்தறிவது கடினம்.