கடனை அடைத்த தக்காளி

1930-களின் தொடக்கம். பொருளாதார மந்தத்தில் அமெரிக்காவே தரைதட்டி நின்ற நேரம். மேற்கு வர்ஜீனியாவில் லோகன் என்றொரு ஊர். அங்கே செங்குத்தான மலைப்பாதை ஒன்றின் அடிவாரத்தில் ஒர்க்ஷாப் வைத்திருந்தார் எம்.சி.பைல்ஸ். மேடேறும் லாரிகள் பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்துப்போய், இவர் கடைக்குத்தான் திரும்பி வந்தாக வேண்டும். கடைக்கு இடம் பார்ப்பதென்றால் இப்படியல்லவா பார்க்க வேண்டும்! ஊரார் அவருக்கு வைத்த பெயர், 'ரேடியேட்டர் சார்லி'.

சார்லிக்குப் படிப்பு வாசனை கிடையாது. கடன் மட்டும் இருந்தது. வீட்டின் மேல் 6,000 டாலர்.

அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள். 'ஜெர்மன் ஜான்சன்' என்ற ரகத் தக்காளிச் செடியை நடுவில் நட்டார். சுற்றிலும் வட்டமாகப் பத்துச் செடிகள். எல்லாமே பெரிய பழம் தரும் வேறு வேறு ரகங்கள். குழந்தைகளின் காதைக் கழுவ ஒரு ரப்பர் பல்ப் இருக்குமே, அதை எடுத்தார். சுற்றியிருந்த பூக்களின் மகரந்தத்தை அதில் உறிஞ்சி, நடுச்செடியின் பூக்களில் பீச்சினார். பழம் வந்ததும் விதை எடுத்து, மறுவருடம் விதைத்து, தேறிய செடியை நடுவில் வைத்து மறுபடி அதே வேலை. இப்படியே ஆறு வருடம்!

கடைசியில் கிடைத்தது, ஒரு பழமே ஒரு கிலோவை எட்டக்கூடிய ஒரு ராட்சத ரகம். 1940-களில் நாற்று ஒன்று ஒரு டாலர் என்று விற்றார். அந்தக் காலத்து ஒரு டாலர் என்பது சாதாரணம் இல்லை. இருந்தும் 200 மைல் தள்ளியிருந்தவர்கள்கூட வண்டி ஓட்டிக்கொண்டு வந்து வாங்கினார்கள். ஆறே வருடத்தில் வீட்டுக் கடன் பைசல். தக்காளிக்குப் பெயரே 'மார்ட்கேஜ் லிஃப்டர்' என்று ஆகிப்போனது. அடமானத்தை மீட்டது என்று அர்த்தம்.

காமர்ஸ் படித்தவன் கண்ணுக்கு இந்த வியாபாரத்தில் ஒரு பெரிய ஓட்டை தெரியும். தக்காளிப் பூ பெரும்பாலும் தன்னைத்தானே மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளும். ஆகவே, நிலைத்துவிட்ட ஒரு ரகத்தின் விதையை எடுத்துப் போட்டால் அநேகமாக அம்மா மாதிரியே பிள்ளை. அதாவது, சார்லியிடம் ஒரு முறை வாங்கியவர் மறுமுறை வரவேண்டிய அவசியமே இல்லை!

இந்த ஓட்டையை அடைத்தது கலப்பின விதை. 1949-ல் பர்ப்பி என்ற விதைக் கம்பெனி 'பிக் பாய்' என்ற ஹைப்ரிட் தக்காளியைக் கொண்டுவந்தது. அமோக விளைச்சல். ஜனங்கள் கொண்டாடினார்கள், அதில் தப்பும் இல்லை. ஆனால், ஹைப்ரிட் பழத்தின் விதையைப் போட்டால் பிள்ளைகள் ஆளுக்கொரு ஜாடையில் வரும். வருடா வருடம் கம்பெனிக்குத்தான் போயாக வேண்டும். கூடவே, லாரியில் ஆயிரம் மைல் போனாலும் நசுங்காத தக்காளிதான் மார்க்கெட்டுக்குத் தேவைப்பட்டது. ருசி? அதை யாரும் தராசில் வைத்து நிறுக்கவில்லை.

பழைய ரகங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அதற்காக யாரும் சதியெல்லாம் செய்யவில்லை. விதையைக் காயவைத்து, பொட்டலம் கட்டி வைத்திருந்த தாத்தா இறந்துபோவார். பேரன் வீட்டைக் காலி செய்யும்போது பொட்டலம் குப்பைக்குப் போகும். ஒரு ரகத்தின் கதை முடிந்தது!

அயோவாவைச் சேர்ந்த டயான் ஆட் என்ற பெண் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. பவேரியாவிலிருந்து முன்னோர் கொண்டுவந்த 'ஜெர்மன் பிங்க்' தக்காளி விதையை அவருடைய தாத்தா பேத்தியிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். 1975-ல் டயானும் கணவர் கென்ட் வீலியும் சேர்ந்து, இப்படி விதை வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பரிமாறிக்கொள்ள ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதுதான் 'சீட் சேவர்ஸ் எக்ஸ்சேஞ்ச்'. இந்த மாதிரி ரகங்களுக்கு 'ஏர்லூம்' என்று பெயர். பரம்பரை நகைக்கும் பாட்டி பீரோவுக்கும் சொல்கிற அதே வார்த்தை.

அந்த வட்டத்தில் ஒருவர் கிரெய்க் லெஹூலியர். தொழிலால் ரசாயன விஞ்ஞானி, மனதால் தக்காளிப் பைத்தியம்! 1990-ல் டென்னசியிலிருந்து ஒரு தபால் உறையில் அவருக்குக் கொஞ்சம் விதை வந்தது. செரோக்கி பழங்குடிகளிடமிருந்து கைமாறி வந்த ஊதாத் தக்காளி என்று தகவல். விதைத்துப் பார்த்தார். பழம் காயம்பட்ட மாதிரி ஒரு கன்றிய நிறத்தில் இருந்தது. ருசியோ அபாரம். 'செரோக்கி பர்ப்பிள்' என்று அவர் பெயர் சூட்டிய அந்த ரகம், இன்று உலகம் முழுக்கப் பிரபலம்.

விதை தப்பிவிட்டது. இடம்? ஏர்லூம் செடிகளில் பெரும்பாலானவை ஆறடி, எட்டடி என்று கொடி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். தொட்டியில் வைப்பதென்றால் 40 லிட்டர் மண்ணாவது வேண்டும், தாங்கிப் பிடிக்கக் கம்பும் வேண்டும். பால்கனிவாசி எங்கே போவார்? லெஹூலியருக்கே அந்தக் கஷ்டம் உண்டு. வட கரோலினாவின் ராலே நகரில் இருந்தபோது, அவர் வீட்டுத் தோட்டத்தை மர நிழல் மூடிக்கொண்டது. வெயில் விழுந்தது கார் நிறுத்தும் பாதையில்தான். அங்கே தொட்டிகளை வரிசையாக அடுக்கித்தான் தக்காளி வளர்த்தார்.

குள்ளத் தக்காளிகள் முன்பே இருந்தன. தடித்த தண்டு, சுருங்கிய கரும்பச்சை இலை, மூன்று நான்கு அடி உயரம். 20 லிட்டர் தொட்டியே போதும். ஆனால், நிறத்திலும் ருசியிலும் ஏர்லூமுக்குப் பக்கத்தில் வரக்கூடியவை மிகக் குறைவு. இரண்டுக்கும் கல்யாணம் செய்து வைத்தால்?

2000-களின் நடுவில் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரீனா நஸ்கி ஸ்மாலும் இதில் இறங்கினார்கள். ஒட்டுச் சேர்த்த முதல் தலைமுறை மொத்தமும் நெட்டை! அதன் விதையைப் போட்டால்தான் நாலில் ஒன்று குள்ளமாகத் தலைகாட்டும். மெண்டல் பட்டாணியில் பார்த்த அதே கணக்கு. அதில் நல்லதைப் பொறுக்கி, மறுபடி விதைத்து, ரகம் நிலைக்கப் பல தலைமுறை ஆகும். வருடத்துக்கு ஒரு போகம் என்றால் எப்போது முடிப்பது? அமெரிக்காவில் பனி கொட்டும்போது ஆஸ்திரேலியாவில் கோடை அல்லவா! விதை கடல் தாண்டிப் போய், வளர்ந்து, திரும்பி வந்தது. வருடத்துக்கு இரண்டு தலைமுறை.

வேலை பார்த்தவர்கள் எல்லாம் சம்பளமில்லாத தொண்டர்கள். ஒவ்வொரு கலப்புக்கும் ஒரு பெயர் வேண்டுமே? 'க்ரம்பி', 'ஸ்லீப்பி', 'ஸ்னீஸி' என்று ஸ்னோ ஒயிட் கதையின் குள்ளர்களையே கூப்பிட்டுக்கொண்டார்கள்.

இதுவரை நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் வெளிவந்துவிட்டன. செரோக்கி பர்ப்பிளின் சாயலில் 'ரொசெல்லா பர்ப்பிள்' என்று ஒன்று உண்டு. ஒரு பக்கெட்டில் வளரும், நிறமும் ருசியும் அப்படியே. இந்த ரகங்கள் பலவற்றுக்கு ஒரு நிபந்தனையும் சேர்த்திருக்கிறார்கள். யாரும் காப்புரிமை வாங்கிப் பூட்டி வைக்கக் கூடாது. வாங்குகிறவர் விதை எடுத்து வைத்துக்கொள்ளலாம், பக்கத்து ஃபிளாட்டுக்கும் கொடுக்கலாம்.

ரேடியேட்டர் சார்லியின் வியாபார ஓட்டை, இந்த முறை தெரிந்தே விடப்பட்டிருக்கிறது.