அம்பாளும் ஆண்டாளும்

வணிக முத்திரையைப் பதிவு செய்யும் முறை இந்தியாவுக்கு 1940-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு வந்தது. அதற்கு முன் 1889-இல் வந்த சட்டம் போலிக் குறியிடுவதைக் குற்றமாக்கியிருந்தது. எந்த மார்க்கு யாருடையது என்று பதிந்து வைக்க ஏடு கிடையாது. 1940 சட்டத்தின் இடத்துக்கு 1958-இல் ஒன்றும் 1999-இல் மற்றொன்றும் வந்தன. வாங்குபவரை ஏமாற்றும் அல்லது குழப்பும் அளவுக்கு ஒரு முத்திரை இன்னொன்றை ஒத்திருக்கக் கூடாது என்பது சட்டத்தின் விதி. அந்த அளவு எது என்று சொல்லும் பொறுப்பு நீதிமன்றங்களுக்கு வந்து சேர்ந்தது.

அவற்றின் கையில் முதலில் இருந்தது இங்கிலாந்தின் அளவுகோல். தானாக வாசிக்கும் பியானோ தொடர்பான 1906-ஆம் ஆண்டு வழக்கில் 'பியானோலா', 'நியோலா' என்ற பெயர்களை நீதிபதி பார்க்கர் ஒப்பிட்டார். சொல்லின் தோற்றம், ஒலி, பொருளின் தன்மை, வாங்குபவர் எத்தகையவர் என எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொன்ன அவர், இரண்டுக்கும் குழப்பம் வராது என்று முடிவு செய்தார்.

பியானோ வாங்குபவரும் மளிகைக்கடையில் நிற்பவரும் ஒன்றல்ல. 'குளுகோவிட்டா' குளுக்கோஸுக்கும் 'குளுவிட்டா' பிஸ்கட்டுக்கும் இடையிலான வழக்கில், 1959-இல் உச்ச நீதிமன்றம் சராசரி அறிவும் அரைகுறை நினைவும் உள்ள ஒருவரை அளவாக வைத்தது. பிஸ்கட் செய்யக் குளுக்கோஸ் சேர்ப்பதால் இரண்டும் ஒரே இடத்துச் சரக்கு என்று அவர் நினைக்கக்கூடும். 1962-இல் 'அம்ரிததாரா', 'லட்சுமணதாரா' என்ற மருந்துகளின் பெயர்கள் அதே நீதிமன்றத்தின் முன் வந்தன. ஒன்று அமுதத்தின் தாரை, மற்றது லட்சுமணனின் தாரை என்று கிராமத்தார் பதம் பிரித்துப் பார்க்க மாட்டார், மொத்த ஓசையே அவர் மனத்தில் நிற்கும் என்றது நீதிமன்றம். ஆனாலும் பல ஆண்டுகள் நேர்மையாக விற்கப்பட்டதையும், எதிர்த்தரப்பு அதை அறிந்தே பேசாமல் இருந்ததையும் கருதி, உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் லட்சுமணதாராவின் பதிவை அனுமதித்தது.

காதின் சாட்சி முழுதாக எடுபட்டது சென்னை மூக்குப்பொடி வழக்கில். 'ஸ்ரீ அம்பாள்' பொடியின் சீட்டில், நீரில் மிதக்கும் உலக உருண்டைமேல் தேவி அமர்ந்திருந்தாள். சென்னையிலேயே பொடி விற்ற இன்னொருவர் 'ஸ்ரீ ஆண்டாள்' என்ற பெயரில் முத்திரை கேட்டார். படங்கள் வேறு, எழுத்து அமைப்பும் வேறு. அம்பாள் சிவனின் துணைவி, ஆண்டாள் அரங்கனை அடைந்தவள்; இவர்களை யார் குழப்பிக்கொள்வார் என்பது அவர் வாதம்.

பார்வைக்கு ஒற்றுமை இல்லை என்பதை 1969-இல் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது. ஆனால் பொடி போடுகிறவர்கள் எல்லாரும் புராணம் அறிந்த தென்னாட்டு இந்துக்கள் அல்லர். பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்கும் சரக்கில் ஒலி நெருக்கமே போதும் என்று பதிவை மறுத்தது. தமிழில் ஒன்று குறிலில் தொடங்குகிறது, மற்றது நெடிலில். ஆங்கில எழுத்தில் எழுதினால் அந்த வேறுபாடு காணாமல் போய்விடும். தமிழ்க் காதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஆண்டாள் தரப்பு வாதம் இன்னும் வலுவாகவே தோன்றும்.

கண்ணுக்கும் இதே அரைகுறை நினைவு பொருந்தும் என்பதை 1972-இன் பார்லே வழக்கு காட்டியது. பார்லேயின் பிஸ்கட் உறையில் வாளி ஏந்திய பெண். எதிர்த்தரப்பான மைசூர் நிறுவனத்தின் உறையில் தலையில் புல்கட்டும் கையில் அரிவாளுமாக ஒருத்தி. இரண்டிலும் சுற்றிலும் மாடும் கோழியும். அருகருகே வைத்து வித்தியாசம் எண்ணக் கூடாது, ஒன்றைப் பார்த்துப் பழகியவர் மற்றதை ஏற்றுக்கொள்வாரா என்றே பார்க்க வேண்டும் என்ற உச்ச நீதிமன்றம், கீழ் நீதிமன்றங்களின் முடிவை மாற்றியது.

மருந்தில் பார்வை மெல்ல மாறியது. 1969-இல் 'புரோட்டோவிட்', 'டிராபோவிட்' என்ற வைட்டமின் மருந்துகளின் பெயர்கள் குழப்பம் தரா என்று விடப்பட்டன. மூளை மலேரியாவுக்கான 'ஃபால்சிகோ', 'ஃபால்சிடாப்' வழக்கில் 2001-ஆம் ஆண்டுத் தீர்ப்பு கடுமை காட்டியது: பிற சரக்கு மாறினால் பணம்தான் நட்டம், மருந்து மாறினால் உயிருக்கே ஆபத்தாகலாம். பல மொழி பேசும், ஆங்கிலம் அறியாதவர் மிகுந்த நாட்டில் மருத்துவர் சீட்டு மட்டும் காவலாகாது என்றது.

1999-ஆம் ஆண்டுச் சட்டம் 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 29-ஆம் பிரிவின்படி, பதிவான முத்திரையில் உள்ள சொல்லை எழுதினால் மட்டுமல்ல, வாயால் சொல்லிப் பயன்படுத்தினாலும் மீறலாகலாம்.