மொட்டைமாடிச் சூரிய மின்சாரம்: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி

சென்னையின் மேற்குப் புறநகரில் வீடு, பட்டறைக் கூரைகளில் சோலார் பேனல்களால் மின்சாரம் எடுத்து மின்வாரியக் கம்பியோடு இணைக்கும் முறை. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி வேண்டும். நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் கிடைக்கும். தண்ணீர்த்தொட்டி, தென்னை, பக்கத்து மாடி ஆகியவற்றின் நிழல்தான் முதல் எதிரி. துணி காயவும் வடாம் போடவும் இடம் விட்டு, பேனல்களைத் தலைக்கு மேல் இரும்புச் சட்டத்தில் ஏற்றுவோர் உண்டு. போர் தண்ணீர் உப்பாக இருந்தால், கழுவிய கண்ணாடியில் வெள்ளைக் கறை படிந்து உற்பத்தி குறையும்.

கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் தானே நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு இது. பேட்டரி இல்லாத வீட்டில் உச்சிவெயிலிலும் மின்விசிறி ஓடாது.

2024-இல் தொடங்கிய ஒன்றிய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு ரூ.78,000 மானியம் உண்டு. இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகப் பெறும் சிறு குடும்பத்துக்கு லாபம் சொற்பமே, ஏ.சி. ஓடும் வீட்டுக்குத்தான் கணக்குக் கட்டும். 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் குறுந்தொழில்களுக்குச் சுமையாயிருந்த, கூரைச் சோலார் மின்சாரத்துக்கு மின்வாரியம் வாங்கும் நெட்வொர்க் கட்டணம் 2023-இல் பாதியாகக் குறைக்கப்பட்டது.