வானத்தைக் காத்தவர் யார்? பட்டர்வொர்த் சேபர் விமானங்களின் வரலாறு

வானத்தைத் தன் கையில் வைத்திருப்பவன் எவனோ அவனே கீழுள்ள மண்ணுக்கும் அதிபதியாகிறான். இவ்வுண்மையைக் கெடாத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் ஏட்டில் படித்து அறிந்தாரல்லர். 1941 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் பெருவிலை கொடுத்து அறிந்தனர்.

அத்திங்கள் 8 ஆம் நாட் காலையில், சுங்கைப் பட்டாணித் திடலில் நின்ற பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானங்கள் மீது ஜப்பானியர் குண்டு பொழிந்தனர். அங்கிருந்த பஃபலோ விமானங்கள் வேகத்திலும் ஏற்றத்திலும் பகைவர் விமானங்களுக்கு ஈடாகாதவை. மறுநாள் பட்டர்வொர்த்திலிருந்து புறப்பட முனைந்த குண்டு விமானங்களுள் ஒன்றே வானேறிற்று. அதனைச் செலுத்திய ஆர்தர் ஸ்கார்ப், தன்னந்தனியே சிங்கோரா சென்று தாக்கி, படுகாயத்துடன் திரும்பி, அலோர் ஸ்டார் அருகே வயலில் விமானத்தை இறக்கி உயிர் துறந்தார். 1946 இல் அவர் பெயருக்கு விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. ஒருவரது வீரம் போற்றத்தக்கதே. எனினும் ஒரு படையின் குறையை அது நிரப்ப வல்லதோ? பத்து நாட்களுக்குள் கெடா முழுதும் பகைவர் வசமாயிற்று. பின்னர் நம் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டதும், அவர்களுட் பெருந்தொகையினர் திரும்பாமற் போனதும் யாவரும் அறிந்த துயரம். வானம் பறிபோனதன் விலையை லயத்து ஏழையே செலுத்தினான் என்பதை நாம் மறத்தலாகாது.

இனி, அவ்வானத்துக்குப் பின்னர் வந்த காவலைக் காண்போம். மூடா ஆற்றுக்குத் தெற்கே, 1800 இல் கெடாச் சுல்தான் ஆங்கிலேயருக்கு ஒப்படைத்த செபராங் பிறை நிலப்பகுதியில் உள்ளது பட்டர்வொர்த் விமானத் தளம். 1958 ஆம் ஆண்டு ஜூலையில் அது ஆஸ்திரேலிய விமானப் படையின் பொறுப்பில் வந்தது. அவ்வாண்டு நவம்பரில் அப்படையின் 3 ஆம் ஸ்குவாட்ரன் சேபர் ஜெட் விமானங்களுடன் ஆஸ்திரேலியாவினின்று பல தீவுகளில் இறங்கி இறங்கி இங்கு வந்து சேர்ந்தது. 1959 பிப்ரவரியில் 77 ஆம் ஸ்குவாட்ரன் பின்தொடர்ந்தது. முன்னது 1916 இல் தோன்றி, இரு உலக யுத்தங்களிலும் பொருதது. பின்னது கொரிய யுத்தத்திற் போரிட்டது.

சேபர் அமெரிக்கர் வகுத்த விமானம். ஆஸ்திரேலியர் அதனை அவ்வாறே பெற்றுக்கொண்டாரல்லர். அமெரிக்க இயந்திரத்தை நீக்கி, அதனினும் வலிய ரோல்ஸ்-ராய்ஸ் ஏவன் இயந்திரத்தைப் பொருத்தினர். அதற்கேற்ப விமானத்தின் உடலையே பெரும்பாலும் திருத்தி அமைத்தனர். ஆறு இயந்திரத் துப்பாக்கிகளுக்குப் பதிலாக 30 மில்லிமீட்டர்ப் பீரங்கிகள் இரண்டை வைத்தனர். 1953 இல் முதலிற் பறந்த இவ்வகையில் 112 விமானங்கள் மெல்பர்ணில் கட்டப்பட்டன. ஜெட் இயந்திரத்தின் தத்துவம் எளிது. முன்வாயால் காற்றை இழுத்து நெருக்கி, மண்ணெண்ணெய் இனத்து எண்ணெயை அதனுள் எரித்து, வெங்காற்றைப் பின்புறம் பீறிடச் செய்கிறது. அக்காற்று பின்னே பாய, விமானம் முன்னே பாய்கிறது. சேபர் செங்குத்தாகப் பாய்ந்திறங்கும்போது ஒலியையும் முந்தும்.

இத்துணைப் பெரும் பொறி காட்டுக்குள் மறைந்த கம்யூனிஸ்டுப் போராளிகளை அடக்கப் பயன்பட்டதா? சிறிதளவே எனலாம். 1948 இல் தொடங்கிய அவசர காலம் 1960 ஜூலையில் முடிவுற்றது; சேபர்கள் சில தாக்குதல்களையே நடத்தின. அவற்றுக்கு முன் சிங்கப்பூரிலிருந்து பறந்த ஆஸ்திரேலிய லிங்கன் விமானங்கள் எட்டு ஆண்டுகளில் 14,000 டன்னுக்கு மேற்பட்ட குண்டுகளைக் காடுகளிற் கொட்டின. அவற்றால் மாண்ட போராளிகளோ இருபதின்மரையும் எட்டவில்லை என்பது கணக்கு. முள்வேலிக்குள் அடைபட்ட மக்களும், அளந்து கொடுக்கப்பட்ட அரிசியும், 1957 இல் பெற்ற சுதந்திரமுமே அப்போரின் போக்கை மாற்றியவை. மரக்கூட்டத்தின் மேல் வீழும் குண்டு மரத்தையே மிகுதியும் கொல்லும்.

ஆயின் அவ்வணிகள் வீணாயின என்று முடிவு கட்டுதல் பிழை. 1963 முதல் 1966 வரை இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்த காலத்தில், சேபர்கள் ஆயுதம் தாங்கி, விமானிகள் அருகிருக்க, நொடியில் எழும் நிலையிற் காத்து நின்றன. 1964 செப்டம்பரில் ஜொகூரின் லாபிஸ் அருகே பாரசூட் படையினர் இறங்கியபோதும், பட்டர்வொர்த் வானில் போர் மூளவில்லை. சுடாது கழிந்த அந்நாட்களே அவ்வணிகளின் மெய்யான வெற்றி. 1941 இல் காவலற்றுக் கிடந்த வானம், இம்முறை விழித்திருந்தது.

எனினும் அது இரவற் காவலே. அந்நிலை மாறத் தொடங்கியது 1969 இல். அவ்வாண்டு ஆஸ்திரேலியா முதலில் 10 சேபர்களை மலேசியாவுக்கு நன்கொடையாக அளித்து, செலுத்தவும் பழுது பார்க்கவும் நம் நாட்டு இளைஞரைப் பழக்கிற்று. 1970 இல் தளமும் மலேசியாவுக்கு உரியதாயிற்று. சேபர்களுக்குப் பின் மலேசியா எஃப்-5 விமானங்களை வாங்கியது; சேபருக்குப் பின் மிராஜ் விமானங்களுடன் இருந்த ஆஸ்திரேலியப் போர் அணிகளின் நிலையான தங்கல் 1988 இல் முடிவுற்றது. 1997 முதல் மலேசியாவின் ஹார்னெட் விமானங்கள் அங்கிருந்து பறக்கின்றன.

இவ்வரலாறு தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கூறுவது யாது? இயந்திரத்தைக் கண்டு வாய் பிளந்து நிற்பவன் என்றும் அதன் நிழலில் நிற்பவனே. அதனைக் கழற்றிப் பூட்டக் கற்றவனே அதற்கு உடையவன். பிறர் விமானத்தைத் தம் தேவைக்கேற்பத் திருத்திய ஆஸ்திரேலியர் நமக்கு ஒரு பாடம். கூலிம், பீடோங், பாடாங் செராய் வட்டாரங்களில் பால் வெட்டிய கைகளின் பேரர், திருகுசாவி பிடிக்கவும் கணிதம் பயிலவும் இயலாதவரல்லர். பெற்றோரே, தலைக்கு மேல் விமானம் இரையும்போது அதனைக் கைநீட்டிக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அஃது எவ்வாறு பறக்கிறது என்று பிள்ளை கேட்பின், விடை தேடும் வழியைக் காட்டுங்கள். பள்ளியை விட்டு நிறுத்தாதீர்கள். வானத்தைக் காக்கும் கைகளில் நம் கையும் ஒன்றாதல் வேண்டும்.