புலிக்கால் முனிவரும் வால் கட்டுற நம்ம பிள்ளைங்களும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது முழுசா படிங்க, பாதி படிச்சிட்டு திட்ட வேணாம்.

நடராஜர் படத்துல ரெண்டு பக்கமும் ரெண்டு முனிவர் கும்பிட்டு நிக்கிறத பாத்திருப்பீங்க. ஒருத்தருக்கு இடுப்புக்குக் கீழ பாம்பு உடம்பு, அவர் பதஞ்சலி. இன்னொருத்தருக்கு புலிக்கால், அவர்தான் வியாக்ரபாதர். சிவபூசைக்கு வண்டு தொடாத பூ வேணும்னு ஆசைப்பட்டார். விடிஞ்சா வண்டு மொய்ச்சிடும், இருட்டுல மரம் ஏறினா கால் வழுக்கும். அதனால எனக்கு புலியோட கால் குடு, இருட்டுல தெரியிற கண்ணு குடுன்னு ஈசன்கிட்ட வரம் கேட்டார். ஈசனும் குடுத்தார். சிதம்பரத்துக்கு பெரும்பற்றப்புலியூர்னு பேர் வந்தது அவராலதான். திருப்பாதிரிப்புலியூர், ஓமாம்புலியூர், எருக்கத்தம்புலியூர்னு மொத்தம் 9 புலியூர் சொல்லுவாங்க. மனுசனா பொறந்து மிருகத்தோட கால வேணும்னு கேட்ட ஒருத்தர் பேர்ல நம்ம முன்னோர்கள் ஊருக்கே பேர் வச்சிருக்காங்க.

இத ஏன் சொல்றேன்னா, இப்ப டிக்டாக்ல வால் கட்டிக்கிட்டு, நரி மூஞ்சி, பூனை மூஞ்சி மாட்டிக்கிட்டு நாலு கால்ல குதிக்கிற பசங்க வீடியோ நிறைய வருது. தேரியன்னு சொல்றாங்க. மிருகம்னு அர்த்தம் வர்ற பழைய கிரேக்க வார்த்தையில இருந்து வந்த பேர், 1990களிலேயே வெளிநாட்டுல புழங்க ஆரம்பிச்சிருச்சு. உடம்பு மனுச உடம்புதான்னு அவங்களுக்குத் தெரியும், மனசுக்குள்ள ஓநாய் மாதிரியோ பூனை மாதிரியோ இருக்குன்னு சொல்றாங்க. பொழுதுபோக்குக்கு மிருக உடுப்பு மாட்டுறவங்க வேற கூட்டம், அவங்களுக்குப் பேர் ஃபர்ரி. நம்மாளுங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டு, கலி முத்திடுச்சு, பேய் புடிச்சிருக்கு, தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புன்னு கமெண்ட் போடறாங்க.

நம்ம தோட்டத்துக் கதைய கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. பகாவ் பக்கத்துல எந்த எஸ்டேட்டா இருந்தாலும் மாரியம்மன் திருவிழான்னா பம்பையும் உடுக்கையும் அடிப்பாங்க. ஒருத்தர் மேல அனுமார் வந்து இறங்குவார். தாடைய உப்பிக்கிட்டு, உறுமிக்கிட்டு, வாழைப்பழத்த தோலோட கடிச்சிக்கிட்டு குதிப்பார். நாகம்மா வந்த பொம்பள தரையில நெளிஞ்சு போகும். யாரும் சிரிக்க மாட்டாங்க. பூசாரி திருநீறு போட்டு, யாரு வந்திருக்கேன்னு கேப்பார். குறி கேட்டு முடிஞ்சதும் கற்பூரம் காட்டி சாமிய மலையேத்துவாங்க. பெரிசுங்க தண்ணி குடுத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு உக்கார வைப்பாங்க. லீவு முடிஞ்சு விடியக்காலை பெரட்டுல அதே ஆளு பால் கத்தியோட வரிசையில நிப்பார். தண்டலும் அவர் பேர் கூப்பிடுவார். அவருக்குப் பைத்தியம்னு லயத்துல ஒருத்தரும் சொன்னதில்ல.

ஊர்ல இது இன்னும் பெரிசு. தூத்துக்குடி பக்கம் குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு காளி, ராஜா, போலீஸ், கரடி, குரங்குன்னு வேஷம் கட்டுறது நேர்த்திக்கடன். கொடியேறினதும் காப்பு கட்டி, வேஷத்தோட ஊர் ஊரா காணிக்கை வாங்கி உண்டியல்ல போடுவாங்க. சூரசம்காரம் முடிஞ்சதும் காப்ப அவுத்துடுவாங்க. அங்க கோர்ட்டு வரைக்கும் போனது ஆபாச ஆட்டப் பிரச்சனைதான், கரடி வேஷம் இல்ல. தஞ்சாவூர்ப் பக்கம் முகரத்துக்கும் புலி வேஷம் கட்டினாங்க, அதுல இந்து முஸ்லிம்னு பாக்கல. திருச்சூர்ல ஓணத்துக்கு புலிக்களி. மணிக்கணக்கா நின்னு உடம்பு பூரா பெயிண்ட் வாங்கி, அப்புறம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்ப்பாங்க. எரிச்சல் எப்படி இருக்கும்! 2016ல இருந்து பொம்பளைங்களும் புலியா ஆடறாங்க.

நம்ம நாட்டு மலாய்க்காரங்ககிட்டயும் இது இருந்துச்சு. சிலாங்கூர்ல அதிகாரியா இருந்த ஸ்கீட்டுன்னு ஒரு வெள்ளக்காரர் 1900ல மலாய் மேஜிக்னு ஒரு புஸ்தகம் போட்டார். அதுல குரங்கு ஆட்டம்னு ஒண்ணு எழுதியிருக்கார். சுமார் 10 வயசுப் பொண்ண தொட்டில்ல வச்சு ஆட்டி, பாக்கும் உப்பும் குடுத்து, மந்திரம் பாடினா குரங்கு ஆவி வந்து ஆடுமாம், மரம் கூட ஏறுமாம். ஆட்டம் முடிஞ்சா அந்தப் பிள்ளைய அதோட சொந்தப் பேர் சொல்லிக் கூப்பிடணும். அதுலயும் தெளியலன்னா இளநீர் ஊத்திக் குளிப்பாட்டணும். நம்ம பூசாரி செஞ்சதும் அதேதான். ஜொகூர் பக்கம் ஜாவாக்காரங்க குடா கெப்பாங் ஆட்டத்துல குதிரையாவே மாறிடுவாங்க. அத மதத்துல ஆகாதுன்னு சொன்னவங்களும் உண்டு, இன்னும் ஆடறவங்களும் உண்டு.

எல்லா இடத்துலயும் வேஷத்துக்கு ஒரு நாள், ஒரு காப்பு, பக்கத்துல நிக்கிற நாலு பெரியவங்க இருந்தாங்க. இப்ப தோட்டம் துண்டாடி, செம்பனை வந்து, லயம் காலியாகி, எல்லாரும் தாமான் வீட்டுல கதவ சாத்திக்கிட்டோம். அந்தப் பிள்ளைங்க கைப்பேசியில யாரோ முகம் தெரியாதவங்ககிட்ட தேடிப் போகுது. தேரியனும் சாமி அருளும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரல. ஒண்ணு பக்தி, மத்தது வேற தேட்டம். ஆனா ரெண்டையும் பாத்து ஊர் எப்படி நடந்துக்குதுங்கறது ஒரே கேள்விதான்.

பயத்துல புரளியும் சேந்துக்கும். அமெரிக்காவுல பூனையா நடிக்கிற பசங்களுக்காக பள்ளிக்கூடத்துல மணல் பெட்டி வைக்கிறாங்கன்னு ஒரு கதை பரவுச்சு. நெப்ராஸ்கா மாநில சட்டமன்றத்துலயே ஒரு உறுப்பினர் 2022 மார்ச்ல அதப் பேசினார். பொய்னு தெரிஞ்சதும் மன்னிப்பு கேட்டார். நம்ம வாட்சாப் குரூப்புல அதே கதை ஊர் பேர மட்டும் மாத்தி வருது, மன்னிப்பு மட்டும் வரல.

உடம்பு நெசமாவே மிருகமா மாறிடுச்சுன்னு ஒரு பிள்ள நம்பினா, சாப்பாடு தூக்கம் போனா, அது டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய விஷயம். அது ரொம்ப அபூர்வம். மத்தபடி பேச வேண்டியது அப்பா அம்மாதான். நான் ஃபேக்டரியில தினமும் இருபது வயசு பசங்களோட வேலை பாக்கிறவன். கேலி பண்ணா அன்னிக்கு வேலை கெடும், மறுநாள் ஆள் வராது. இது ஒரு சூப்பர்வைசருக்குப் பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும்.

போன திருவிழாவுல ஒரு தம்பி நரி வால் மாட்டிக்கிட்டு வந்தான். மண்டபத்துக்குள்ள கழட்டி பையில வச்சிட்டுத்தான் சாமி கும்பிட்டான். வெளிய நின்னப்ப யாரோ வீடியோ எடுத்து பரப்பிட்டாங்க. விளக்கு தேய்க்கிறதுல இருந்து மைக்செட் வயர் இழுக்கிறது வரைக்கும் ரெண்டு வருசமா செஞ்ச பிள்ளை. அதுக்கப்புறம் கோயில் பக்கமே வரல. அவங்க அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை வந்து ஓரமா நின்னுட்டுப் போறாங்க.

அந்த வீடியோ வச்சிருக்கிறவங்க இன்னிக்கே அழிச்சிடுங்க. அந்த அம்மா வந்தா தள்ளி நிக்காதீங்க, தம்பி சாப்டானான்னு அவன் பேர் சொல்லி விசாரிங்க. நான் சனிக்கிழமை சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போறேன், கூட வர்றவங்க 5 மணிக்கு கோயில் வாசல்ல நில்லுங்க.